தீபாவளி வரைக்கும் அலமாரியில் வைக்காதீர்கள் அக்கா

மலேசியத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா, சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் செட் பற்றி அனுப்பிய கேள்வி இது: “தம்பி, மகன் பாரம் த்ரீ படிக்கிறான். ரெண்டு வருஷமா பிஎஸ்5 கேட்டு நச்சரிக்கிறான். புதுசு 2,300 வெள்ளி சொல்றாங்க. ஆன்லைன்ல ‘ஓப்பன் பாக்ஸ்’னு போட்டு 1,780க்கு இருக்கு. ஓவர்டைம் காசு கையில இருக்கு. 10.10 (அக்டோபர் 10) சேல்ல வாங்கி, அலமாரியில துணிக்கு அடியில ஒளிச்சு வச்சு, தீபாவளி அன்னைக்குக் காலையில கொடுக்கலாம்னு பாக்குறேன். வாங்கலாமா, ஏமாத்திருவாங்களா?”

வாங்கலாம் அக்கா. ‘ஓப்பன் பாக்ஸ்’ என்றால் ஒருவர் வாங்கித் திருப்பி அனுப்பிய செட். புதுசைவிட 520 வெள்ளி குறைவு, அதாவது நூற்றுக்கு இருபத்திரண்டு சொச்சம். நூற்றுக்குப் பத்துதான் குறைக்கிறார்கள் என்றால் பேசாமல் புதுசை எடுங்கள் என்பேன். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பேன். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, பரவாயில்லை. எனக்கு உறுத்துவது விலை இல்லை, அந்த அலமாரி.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் கைப்பேசியும் கேம் செட்டும் பழுது பார்க்கிறவன். 2007இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் கடைக்கு வரும் பாட்டிகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் “அது எங்கப்பா இருக்கு?” என்றுதான் கேட்பார்கள். யூனிசெல் பல்கலைக்கழகப் பிள்ளைகள் படிப்பு முடிந்து விற்றுவிட்டுப் போகும் செட், தோட்டத்துப் பிள்ளைகள் சைக்கிளில் பையோடு தூக்கி வரும் செட் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். போன தீபாவளிக்கு மறுநாள் ஒருவர் வந்தார். ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வாங்கி, மகளிடம் காட்டாமல் மூடி வைத்திருந்தாராம். தீபாவளி அன்று விருந்தாளிகள் முன்னால் டிவியில் மாட்டியிருக்கிறார், படம் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், டிவி வயர் மாட்டும் எச்டிஎம்ஐ துளைக்குள் கம்பிகள் வளைந்து கிடந்தன. முதல் நாளே பார்த்திருந்தால் திருப்பி அனுப்பி முழுப் பணத்தையும் வாங்கியிருக்கலாம். காலக்கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. விற்ற கடைக்காரர் “நீங்கள்தான் உடைத்திருப்பீர்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்கு இவரிடம் பதில் இல்லை.

பிரித்த பெட்டி வாங்கும்போது நமக்கு இருக்கிற உண்மையான காப்பு, திருப்பி அனுப்பக் கிடைக்கும் அந்தச் சில நாள்தான். ஷாப்பி ஆன்லைன் கடையில் நீங்கள் கட்டிய பணம் நேரே விற்பவர் கைக்குப் போகாது. ‘ஆர்டர் ரிசீவ்ட்’ பொத்தானை நீங்கள் தட்டும்வரை, இல்லை அதற்கான நாள் முடியும்வரை, ஷாப்பியே பிடித்து வைத்திருக்கும். பார்சல் வந்ததும் விற்பவர் “அக்கா, கிடைச்சதுன்னு தட்டிருங்க, ஐந்து ஸ்டார் போடுங்க” என்று செய்தி அனுப்புவார். சோதிக்காமல் தட்டாதீர்கள். நாள் கணக்கு கடைக்குக் கடை, பொருளுக்குப் பொருள் மாறும். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்திலேயே எத்தனை நாள் என்று பார்த்து, சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

சரி, ஒருவர் வாங்கிய செட் ஏன் திரும்பி வருகிறது? எல்லாமே கெட்டுப்போய் வருவதில்லை. சிலது, பொருள் வந்ததும் பணம் கையில் கட்டுகிற ஆர்டர்களில் திரும்பி வருகிறது. பையன் அப்பாவுக்குத் தெரியாமல் ஆர்டர் போடுவான், கூரியர்காரர் வாசலில் நின்று காசு கேட்டதும் அப்பா “எவன்டா போட்டது?” என்று திருப்பி அனுப்புவார். அந்தப் பெட்டி பிரிக்கப்பட்டிருக்கவே மாட்டாது, மூலைதான் நசுங்கியிருக்கும். சிலர் டிஸ்க் போடுகிற மாடல் என்று நினைத்து டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடலை வாங்கிவிட்டுத் திருப்புவார்கள். இந்த இரண்டு வகையும் நல்ல சரக்கு. அடுத்தது, இரண்டு நாள் விளையாடி ஏதோ கோளாறு கண்டு திருப்பியது. விற்பவர் அதைச் சரி செய்து விற்கிறாரா, துடைத்து மட்டும் விற்கிறாரா என்பது அவரவர் மனசாட்சி. கடைசியாக ஒரு வகை இருக்கிறது, அதுதான் விஷம்: புது செட்டை வாங்கி, அந்தப் பெட்டிக்குள் தன் பழைய, கெட்ட செட்டை வைத்துத் திருப்பி அனுப்புகிற கில்லாடிகள். கடைக்காரர் சரிபார்க்காமல் அதை ‘ஓப்பன் பாக்ஸ்’ என்று உங்களுக்கு அனுப்பிவிடுவார். அவர்கூட அங்கே ஏமாந்தவர்தான்.

அமெரிக்காவில் அமேசான் இப்படித் திரும்பி வருகிற சரக்கை ‘லைக் நியூ’, ‘வெரி குட்’, ‘குட்’, ‘அக்செப்டபிள்’ என்று தரம் பிரித்து விற்கிறது. நம் பக்கம் ஆளாளுக்கு ஒரு சொல். ‘99% நியூ’ என்று போடுவார்கள், மீதி ஒரு சதவீதம் எங்கே போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் சொல்லை விட்டுவிட்டு விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள், அதுவும் ஆப்புக்கு உள்ளேயே, எழுத்தில்: ஏன் திரும்பி வந்தது? சோனி மலேசியா வாரன்டி உள்ள செட்டா, இறக்குமதி செட்டா? வாரன்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, முதலில் வாங்கியவர் ரசீதா, என் ரசீதா? இதற்கு நேராகப் பதில் சொல்கிறவரிடம் வாங்கலாம். “கடை வாரன்டி ஏழு நாள் லா” என்று மட்டும் சொன்னால், அது வாரன்டியே இல்லை என்று வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருந்த ‘டிஸ்ப்ளே யூனிட்’ என்றால் நான் வாங்க மாட்டேன். மாதக்கணக்கில் காலை பத்திலிருந்து இரவு பத்துவரை ஓடிய செட் அது. கண்ட்ரோலரோ ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் திருகியது.

பெட்டியில் என்னென்ன இருக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்சார வயர், எச்டிஎம்ஐ வயர் இல்லாவிட்டால் கவலையில்லை, பிஎஸ்5-க்குப் போடுவது ரேடியோவுக்குப் போடும் எட்டு வடிவ வயர்தான், எந்தக் கடையிலும் கிடைக்கும். கண்ட்ரோலர் இல்லை, அல்லது வேறு கம்பெனியின் நகல் கண்ட்ரோலர் என்றால் கதை வேறு. சோனியின் அசல் ‘டுவல்சென்ஸ்’ கண்ட்ரோலர் புதுசாக வாங்கினால் முந்நூறு வெள்ளியை ஒட்டி வரும். உங்கள் 520 வெள்ளி லாபம் அப்போதே 220க்கு இறங்கிவிடும். அந்த 220க்காக இவ்வளவு தலைவலி வேண்டாம்.

மாடலும் முக்கியம். பிஎஸ்5 முதலில் வந்தது 2020 நவம்பரில். 2023 நவம்பரில் இளைத்த ‘ஸ்லிம்’ வந்தது. செட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் சிஎஃப்ஐ என்று தொடங்கும் எண் 10, 11, 12 என்று போனால் பழைய பருமனான மாடல், 20, 21 என்று போனால் ஸ்லிம். பழையதில் 825 ஜிபி இடம், அதில் நமக்குக் கிடைப்பது 667தான். ஸ்லிம் டிஸ்க் மாடலில் 1 டிபி. படத்தில் ஸ்லிம்மைக் காட்டிப் பழையதை அனுப்புவது நடக்கிறது, எண்ணைப் பாருங்கள். டிஸ்க் மாடலையே எடுங்கள் என்பது என் கருத்து. உங்கள் தோட்டத்துக்கு இன்னும் யூனிபை இன்டர்நெட் வயர் வரவில்லை என்று நினைக்கிறேன். நூறு ஜிபி கேமை கைப்பேசி டேட்டாவில் இறக்க முடியாது அக்கா, அந்த மாத டாப்-அப் எல்லாம் அதிலேயே போய்விடும். டிஸ்க் என்றால் பழைய டிஸ்க்கை வாங்கலாம், விளையாடி முடித்து விற்கலாம், பக்கத்து வீட்டுப் பையனோடு மாற்றிக்கொள்ளலாம். ஸ்லிம் டிஜிட்டல் மாடலுக்குப் பிறகு தனியாக டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்ட முடியும், முதல் முறை மாட்டும்போது இன்டர்நெட் வேண்டும். பழைய டிஜிட்டல் மாடலுக்கு அந்த வழியே கிடையாது.

இப்போது பார்சல் வந்த அன்று என்ன செய்வது என்று சொல்கிறேன். இதுதான் இந்தப் பதிலின் உயிர்.

டேப்பை வெட்டும் முன்னாலேயே கைப்பேசியில் வீடியோ ஓடட்டும். கூரியர் ஒட்டிய முகவரித் தாள், வெட்டாத டேப், பிறகு உள்ளே இருப்பது எல்லாம் ஒரே ஓட்டமாக, நிறுத்தி நிறுத்தி எடுக்காமல். யாராவது ஒருவர் பிடிக்கட்டும், ஒருவர் பிரிக்கட்டும். பெட்டியின் மேல் ஒரு சீரியல் எண் இருக்கும், செட்டின் பின்பக்க ஸ்டிக்கரில் ஒன்று இருக்கும். இரண்டையும் கேமரா முன்னால் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு செட்டை ஏற்றி, செட்டிங்ஸ், சிஸ்டம் என்று உள்ளே போனால் கன்சோல் விவரம் இருக்கும், அதிலும் அதே எண் வர வேண்டும். பெட்டி எண் மட்டும் மாறினால் வேறு பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், கேட்கலாம். ஸ்டிக்கரும் திரையும் மாறினால் உள் போர்டை மாற்றியிருக்கிறார்கள், திருப்பி அனுப்புங்கள், பேச்சே வேண்டாம்.

செட்டை ஏற்றும் முன் எச்டிஎம்ஐ துளையைப் பாருங்கள். கைப்பேசி டார்ச்சை நேராக அடிக்காமல் கொஞ்சம் சாய்த்து அடியுங்கள். நடுவில் நாக்கு மாதிரி கறுப்பு பிளாஸ்டிக் தெரியும். அதன் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் பத்தும் ஒன்பதுமாக மொத்தம் 19 மெல்லிய கம்பி, வரிசையாக, பால்மரத்து நிரை மாதிரி சமமான இடைவெளியில். ஒன்று மேலே தூக்கியிருந்தாலும், பக்கத்துக் கம்பியோடு ஒட்டியிருந்தாலும், நாக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அது அடி வாங்கிய துளை. என் கடைக்கு வரும் பிஎஸ்5-இல் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான்: வயரைப் பிடுங்கும்போது குழந்தைகள் இழுத்தது, இல்லையேல் டிவி அலமாரியோடு சேர்த்து நகர்த்தியது. மாற்றலாம், ஆனால் சூடு வைத்துக் கழற்றும்போது போர்டின் தடங்களே பிய்ந்து வரும் ஆபத்து உண்டு. புதுத் துளை போட்ட செட் ஓடும். ஓடும் என்பதற்காக முழு விலை கொடுக்கக் கூடாது.

அடுத்து, பக்கத்து வெள்ளைத் தகடு. அதைக் கழற்றினால் வாரன்டி போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. போகாது. தூசி எடுக்கவும் கூடுதல் சேமிப்புக்கு எஸ்எஸ்டி போடவும் சோனியே அதைக் கழற்றும்படி செய்திருக்கிறது. உள்ளே காற்றாடி தெரியும். “ஒரு தடவைதான் திறந்தது, விளையாடவே இல்லை” என்று எழுதியிருந்து, காற்றாடி இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி தூசி படிந்திருந்தால் யார் பொய் சொல்கிறார் என்று உங்களுக்கே தெரியும். கறுப்பு மிளகுத்தூள் மாதிரி ஏதாவது சிந்தினால் அது கரப்பான் பூச்சி எச்சம். சிரிக்காதீர்கள், பவர் சப்ளை வெதுவெதுப்பாக இருப்பதால் கரப்பானுக்கு அது அரண்மனை. ஒரு பிஎஸ்4-ஐத் திறந்து, உள்ளே இருந்த முட்டைக் கூடுகளைக் கடைப் பையன் பார்த்துவிட்டு அன்று மதியம் சோறே சாப்பிடவில்லை.

எல்லாம் சரியென்றால் மாட்டி ஓட விடுங்கள். ‘ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்’ என்ற விளையாட்டு எல்லா பிஎஸ்5-இலும் முன்பே ஏற்றியிருக்கும், காசும் டிஸ்க்கும் தேவையில்லை. சோதிப்பதற்கென்றே செய்தது போல இருக்கும்: மைக்கில் ஊதச் சொல்லும், டச்பேடைத் தேய்க்கச் சொல்லும், கண்ட்ரோலரைச் சாய்க்கச் சொல்லும், ட்ரிகர் விரலை எதிர்த்துத் தள்ளும், மழை பெய்தால் உள்ளங்கையில் துளித்துளியாகத் தெரியும். இதில் ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் ஓடட்டும். நடுவில் தானாக அணைந்தால் ஆகாது. கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பொம்மை தானாக நடந்தால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. உள்ளே கரித்தடத்தில் உரசி ஓடுகிற பாகம் அது, தேயத்தான் செய்யும். தேய்ந்த ஸ்டிக்கை நான் அறுபது வெள்ளிக்கு மாற்றித் தருகிறேன், இதற்காக மட்டும் திருப்ப வேண்டாம், விலையைக் குறைக்கக் கேளுங்கள். டிஸ்க் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி நான்கைந்து முறை போட்டு எடுங்கள். பாட்டு சிடி போட்டுப் பார்த்துவிட்டு “ஓடலை” என்று பதறாதீர்கள், பிஎஸ்5 பாட்டு சிடி வாசிக்காது.

கடைசியாக, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலாவது செட்டை இன்டர்நெட்டில் இணைத்து, உங்கள் மகன் பெயரில் கணக்குத் திறந்து உள்ளே போங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். முன்பு வைத்திருந்தவர் திருட்டு வேலை ஏதாவது செய்து கம்பெனி அந்தச் செட்டையே தடை செய்திருந்தால், ஆஃப்லைனில் எல்லாம் அருமையாக ஓடும், ஆன்லைன் மட்டும் எந்தக் காலத்திலும் திறக்காது. ஃபேக்டரி ரீசெட் போட்டாலும் போகாது. என் அண்ணன் மகன் முன்பு ஒரு பழைய நின்டென்டோ ஸ்விட்ச் வாங்கி வந்தான். இணைத்ததும் 2124-4007 என்று ஒரு எண். அப்படியென்றால் இந்த இயந்திரத்துக்கு இனி ஆன்லைன் கிடையாது என்று அர்த்தம். விற்றவர் எண் அதற்குள் அணைந்துவிட்டது.

ஸ்விட்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. மகன் மனம் மாறி ஸ்விட்ச் 2 கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஜூன் 5-இல் அது வந்தபோது ஜப்பானில் இரண்டு விதமாக விற்றார்கள்: ஜப்பான் மொழி மட்டும் உள்ளது 49,980 யென், எல்லா மொழியும் உள்ளது 69,980 யென். மலிவானதை யாராவது இங்கே கொண்டுவந்து ‘ஓப்பன் பாக்ஸ், ஜப்பான் செட், சூப்பர் விலை’ என்று போட்டால், மெனு முழுக்க ஜப்பான் மொழிதான் இருக்கும், கணக்கும் ஜப்பான் கணக்காகத்தான் இருக்க வேண்டும், மாற்றவே முடியாது. 2025 நவம்பரில் சோனியும் அதே மாதிரி ஜப்பான் மொழி மட்டும் உள்ள டிஜிட்டல் பிஎஸ்5 ஒன்றை 55,000 யென்னுக்கு விட்டது. உங்கள் 1,780 வெள்ளி செட் ‘ஜப்பான் இம்போர்ட்’ என்று எங்காவது பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

ஏமாற்றுவார்களா என்று கேட்டீர்கள். செட்டில் ஏமாற்றுவதைவிடப் பணத்தில் ஏமாற்றுவதுதான் அதிகம். ஆப்பில் பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று “வாட்ஸ்அப்புக்கு வாங்க, ஆப் கமிஷன் மிச்சம், இன்னும் நூறு வெள்ளி குறைச்சுத் தரேன், பேங்க்ல போட்டுருங்க” என்பார். அந்த நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டால் 1,680 வெள்ளியும் போகும், ஏனென்றால் ஆப்புக்கு வெளியே கட்டிய பணத்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. எந்தக் கணக்கு எண் கொடுத்தாலும் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள், அதன் மேல் புகார் இருந்தால் காட்டும். காட்டாவிட்டால் நல்லவர் என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றும் இருக்கலாம். பணம் போட்டுவிட்டு ஏமாந்தது தெரிந்தால் உடனே தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லி அழுவதெல்லாம் பிறகு.

நேர்மையான கடைதான், ஆனால் கெட்ட செட்டைத் திருப்ப மறுக்கிறது என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. ஐந்து வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரையிலான வழக்கு, வக்கீல் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் போடலாம். அந்த வீடியோவும் ஆப்பில் பேசிய எழுத்தும் அங்கேதான் உதவும். இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். விற்கும்போதே “இடது ஸ்டிக் தேய்ந்திருக்கிறது” என்று சொல்லி விற்றிருந்தால், அதே குறைக்காக அங்கே போக முடியாது. இரண்டாவது, அது வியாபாரிகள் மேல் போகும் இடம். வீட்டில் சும்மா கிடந்த செட்டை பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விற்ற யாரோ ஒரு பையன் மேல் அங்கே வழக்குப் போட முடியாது. விலை நூறு இருநூறு கூடினாலும் கடையாகப் பார்த்து வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் வீட்டு வயரிங் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய லாயத்து வீடு, எர்த் சரியாக இருக்காது. சாயங்கால இடி மின்னலில் போன வருஷம் மட்டும் எத்தனை டிவி என் கடைக்கு வந்தது தெரியுமா? இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இனி அலமாரி விஷயம். 10.10-இல் வாங்குங்கள், தப்பில்லை. முகவரியை மட்டும் என் கடைக்குப் போடுங்கள். மகனுக்கும் தெரியாது, தோட்டத்து வாசலில் கூரியர் வேனைப் பார்த்து நாலு பிள்ளைகள் ஓடி வருவதும் இருக்காது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வாருங்கள், வீடியோ எடுத்துக்கொண்டே பிரிப்போம், அன்று இரவு முழுக்க ஓட விடுகிறேன். நன்றாக இருந்தால் பழையபடி மடித்து டேப் ஒட்டித் தருகிறேன், பிறகு தீபாவளி வரைக்கும் எந்தத் துணிக்கு அடியில் வேண்டுமானாலும் வையுங்கள். கூலி எல்லாம் வேண்டாம். ஆஸ்ட்ரோ விளையாடிச் சோதிக்க என் மகன் இப்போதே சம்மதம் சொல்லிவிட்டான்.